மூன்றாவது வருஷத் தீ

அப்பா டூரிஸ்ட் வேன் ஓட்டினார். பண்ருட்டியிலிருந்து மேல்மருவத்தூர், சமயபுரம், வேளாங்கண்ணி, திருப்பதி; கார்த்திகை மார்கழியில் எருமேலி. பின்சீட்டுக்கு அடியில் ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு அண்டா, அரை மூட்டை அரிசி, ஒரு மரப்பெட்டி நிறைய மளிகைச் சாமான் எப்போதும் இருக்கும். சாலையோரம் புளியமரமும் பக்கத்தில் பம்ப்செட்டும் அமைகிற இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டுவார். அரைமணி நேரத்தில் உலை கொதிக்கும். ராத்திரியில் பயணிகள் மண்டபத்தில் படுப்பார்கள். அப்பா மட்டும் வண்டியிலேயே, நீளமான பின்சீட்டில், கால் ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி தூங்குவார்.

அதனால், ரீயூனியன் தீவில் அண்ணன் வாடகைக்கு எடுத்திருந்த அந்த வெள்ளை கேம்பிங் வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து காட்டியபோது நான் வாயைப் பிளந்தேனே தவிர அம்மா அசரவில்லை. மடக்குக் கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, கைகழுவும் தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்கப்பா வண்டிதான். பாட்டுப்பொட்டிதான் இல்ல" என்றாள். அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் இருந்த கழிப்பறையைப் பார்த்துத்தான் முகம் மாறியது. "சோறாக்கற எடத்துல இதையா வெப்பாங்க?" என்று கேட்டவள், ஐந்து நாளும் அந்தக் கதவைத் தொடவே இல்லை.

அண்ணன் என் பெரியம்மா மகன். பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தது புதுச்சேரியில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில். அண்ணன் அங்கே படித்து, பாரிஸ் போய், இப்போது இந்தத் தீவின் தெற்கே சேன் பியேரில் பள்ளிக்கூட வாத்தியார். அப்பா இறந்ததிலிருந்து, "சித்திய கூட்டிக்கிட்டு ஒருதரம் வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2024 ஜூலைக் கடைசியில், மொரீஷியஸில் விமானம் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அங்கே அது குளிர்காலம். பள்ளிக்கூட விடுமுறை. வெட்டப்படக் காத்திருக்கும் கரும்பு மலைச்சரிவெல்லாம் பூத்து நின்றது.

*

இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிறது ரீயூனியன். பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர்; எங்கள் கடலூர் மாவட்டத்தைவிடச் சின்னது. பிரான்சின் ஒரு மாகாணம். தீவு முழுக்கவே எரிமலை கக்கியது. நடுவில் இருக்கும் பித்தோன் தெ நேஜ் 3,000 மீட்டருக்கு மேல் உயரம், ரொம்ப காலமாக அடங்கிக் கிடக்கிறது. தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர், உலகத்திலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. முந்தைய வருடம்கூட ஜூலை, ஆகஸ்டில் ஒரு மாதத்துக்கு மேல் எரிந்திருக்கிறது.

போவதற்கு முன் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தெரிந்தது. இந்தத் தீவுக்கு அடியில் பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலேறும் ஓரிடம் இருக்கிறது. இடம் அதிகம் நகர்வதில்லை. அதன்மேல் இருக்கும் நிலத்தட்டுதான் நகர்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா இந்தச் சூட்டின் மேல் இருந்தது. அப்போது பொங்கிய குழம்புதான் தக்காணத்தின் கருப்புப் பாறை அடுக்குகள். அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அந்தப் பாறையில்தான். பிறகு இந்தியா வடக்கே போய்விட்டது. பின்னால் லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ் என்று வரிசையாக அடையாளங்களை விட்டுவிட்டு, அந்தச் சூடு இன்றைக்கு ரீயூனியனுக்குக் கீழே எரிந்துகொண்டிருக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னேன். "நம்ம அடுப்புல எரிஞ்ச கொள்ளிதான் இங்க இருக்குதுன்னு சொல்ற" என்றாள். புவியியல் பாடத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கொள்ளி மட்டும் வரவில்லை, ஆட்களும் வந்தார்கள். 1848 டிசம்பர் 20இல் ரீயூனியனில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றினார்கள். 1860இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ஒப்பந்தம் ஆனபிறகு வெள்ளைக்காரன் சீமையான தென்னாற்காடு, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்தும் ஆள் பிடிப்பது சட்டப்படியே நடந்தது. ஐந்து வருட ஒப்பந்தம். நடந்த கொடுமைகளைப் பார்த்து 1882இல் பிரிட்டிஷ் அரசு நிறுத்தும்வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. ஊருக்கு நடுவே நெல்லிக்குப்பத்தில் 1842இலேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. கரும்பு வெட்டத் தெரிந்த கைகளுக்குக் கரும்பு வெட்டவே கடல் தாண்டிப் போகவேண்டி வந்தது.

முதல் நாள் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் கிராந்த் ஷலூப் என்ற இடத்தில் அண்ணன் வண்டியை நிறுத்தினார். மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு இடுக்கு. கப்பலில் வந்தவர்களை அம்மை, காலரா பயத்தில் அடைத்துவைத்த பழைய கட்டடங்கள் அங்கே இருக்கின்றன. இப்போது அருங்காட்சியகம். அம்மா சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "ஊர்ல தேடியிருப்பாங்க இல்ல" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

*

சேன் பியேரிலிருந்து கிழக்கே கடலோரமாகப் புறப்பட்டோம். அது ஞாயிற்றுக்கிழமை. வழியெல்லாம் மரத்தடிகளில் குடும்பம் குடும்பமாக அடுப்பு மூட்டி, பெரிய பெரிய அலுமினியப் பாத்திரங்களில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறானால் தீவே வெளியில் வந்து சமைத்துச் சாப்பிடும் என்றார் அண்ணன். அம்மாவுக்குப் புளியமரத்தடி ஞாபகம் வந்திருக்கவேண்டும். வண்டியை நிறுத்தச் சொல்லி, பக்கத்துக் குடும்பத்துக்கு அருகிலேயே நம் அடுப்பை இறக்கிவிட்டாள்.

அந்தக் குடும்பத்துப் பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நிறம், மூக்கு, உட்கார்ந்திருந்த விதம் எல்லாம் எங்கள் ஊர்க்காரிதான். பேச்சு மட்டும் கிரெயோல். அம்மா தாளிப்பதற்கு எடுத்த கறிவேப்பிலையைக் காட்டி "கலுப்பிலே" என்றாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பாட்டி தன் பாத்திரத்தைத் திறந்து காட்டினாள்: முருங்கைக்கீரை. "ப்ரேத் முரூம்." பிறகு ஒரு பீர்க்கங்காயைத் தூக்கி, "பிபாங்காய்." இரண்டு பேரும் காய்கறிக் கடைக்காரர்கள் மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பேர் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தமிழில் ஒரு வாக்கியம்கூடத் தெரியாத அந்தக் குடும்பத்தின் பேர் ரமஸாமி என்று முடிந்தது. ஒப்பந்தக்காரன் எழுதிக்கொண்ட ஒற்றைப் பேர்தான் பின்னால் வந்த தலைமுறைகளுக்கெல்லாம் குடும்பப் பேர் ஆகிவிட்டது.

கிளம்பும்போது பாட்டி அண்ணனிடம் ஏதோ சொன்னாள். புதன்கிழமை சேன் ஆந்த்ரே பக்கத்தில் ஒரு கோயிலில் நெருப்பு நடை இருக்கிறதாம், அவள் பேரன் இறங்குகிறானாம், வரச் சொன்னாள். எந்தச் சாமி என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

"பாண்டியாலே" என்றாள் பாட்டி.

பாஞ்சாலி. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்கும் வயிற்றில் ஏதோ புரண்டது. இந்த ஊர்ச் சுற்றுலா இப்படித் திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

*

எங்கள் ஊர் கெடிலக் கரையில். பலாவும் முந்திரியும் நிற்கும் செம்மண் பூமி. திரௌபதி அம்மன்தான் ஊர்த்தெய்வம். பாரதம் படித்து, இரவிரவாகத் தெருக்கூத்து நடந்து, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் விழுந்தபிறகு தீமிதி.

2017இல் நான் சிதம்பரத்தில் கல்லூரி இரண்டாம் வருடம். அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க டெங்கு. எனக்கும் வந்தது. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய், பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்பா சீசன் சவாரிகளை விட்டுவிட்டு வாசலில் வேனிலேயே படுத்திருந்தார். நான் பிழைத்தால் மூன்று வருஷம் தீமிதிப்பதாக வேண்டிக்கொண்டார்.

2018இல் மிதித்தார். 2019இல் மிதித்தார். அடுத்த இரண்டு வருடம் கொரோனாவில் திருவிழாவே இல்லை. அந்த இரண்டு வருடத்தில் வேனும் ஓடவில்லை. அப்பாவுக்கு ஏற்கெனவே இருந்த சர்க்கரை, மருந்து மாத்திரை சரியாகப் போடாமல் ஏறிப்போனது. 2022இல் மூன்றாவது தடவை இறங்கினார்.

தீமிதியில் பெரும்பாலோருக்குக் காலில் ஒன்றும் ஆகாமலிருப்பதற்குக் காரணம் உண்டு. சாம்பல் பூத்த கரித்துண்டு தன் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். பாதம் அதன்மேல் இருப்பதும் நொடிக்கும் குறைவு. சுட ஆரம்பித்தால் கால் தானாகவே வேகம் எடுக்கும். ஆனால் பல வருடச் சர்க்கரை பாதத்து நரம்பைக் கொன்றுவிட்டால், சுடுகிறது என்று கால் சொல்லாது. அப்பா நடுவில் நின்று கும்பிட்டார். கரை ஏறியும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் அம்மா பார்த்தாள்.

புண் ஆறவில்லை. முதலில் ஒரு விரல், பிறகு பாதத்தில் பாதி. ஊரில் விரதம் தப்பியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அது அப்பாவின் காதுக்கும் வந்தது. நான் சென்னையிலிருந்து வந்து படுக்கை பக்கத்தில் நின்றுகொண்டு, "இது முட்டாள்தனம்ப்பா. என் பேரச் சொல்லி ஏன் பண்ணீங்க?" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி ஒன்று செய்தார். 2023 தை மாதம் கிருமி ரத்தத்தில் ஏறி இறந்துபோனார். அவரிடம் நான் கடைசியாக உரக்கச் சொன்ன பேச்சு அதுதான்.

*

சேன் ஃபிலிப் தாண்டியதும் கரும்பு நின்றுபோய்க் கருப்பு ஆரம்பித்தது. மலையிலிருந்து கடல்வரை இறங்கி உறைந்த குழம்பு. கிராந்த் ப்ரூலே என்ற இந்தச் சரிவில்தான் எரிமலை வெடிக்கும்போது சில சமயம் குழம்பு வழிந்து வரும். சாலையை அதன்மேலேயே வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஒழுக்குக்கும் பக்கத்தில் அது வந்த வருடத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பாலங்களில் வெள்ளம் வந்த மட்டத்தைக் குறித்துவைப்பதுபோல.

பெரியது 2007 ஏப்ரலில் வந்தது. சாலையை மூடி, கடலுக்குள் போய்த் தீவின் நிலத்தையே கொஞ்சம் நீட்டியிருக்கிறது. உள்ளே இருந்த குழம்பு காலியானதும் உச்சியிலிருந்த பள்ளத்தின் தரை முந்நூறு மீட்டருக்கு மேல் பொதபொதவென்று உட்கார்ந்துவிட்டதாம். இறங்கி அதன்மேல் நின்றோம். கயிறு முறுக்கினதுபோலவும் கஞ்சியில் ஆடை படிந்ததுபோலவும் பாறை. பழைய ஒழுக்குகளில் மரமே நின்றது. இதில் சாம்பல்வெள்ளைப் பாசி படர்ந்து, வெடிப்புகளில் பெரணி எட்டிப்பார்த்தது.

"பதினேழு வருசத்துல இவ்ளோதான் மொளச்சிருக்கு" என்றாள் அம்மா.

அன்றைக்கு ராத்திரி கடலோரத்தில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். மறுநாள் பித்தோன் சேன்த் ரோஸில் அந்தத் தேவாலயத்தைப் பார்த்தோம். 1977இல் ஊருக்குள் வந்த குழம்பு வீடுகளை விழுங்கிவிட்டுத் தேவாலயத்தின் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பிரிந்து போயிருக்கிறது. அம்மா வெளியிலிருந்தே கும்பிட்டாள். பிறகு ரொம்ப நேரம் எதிரே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே அந்த வீடுகள் இருந்த இடத்தில் கருப்புப் பாறை.

*

சேன் ஆந்த்ரேயில் கோபுரம் வண்ணம் பூசிப் புத்தம்புதிதாக இருந்தது. காற்றில் ஆலையிலிருந்து கரும்புப்பாகு வாசனை. கண்ணை மூடிக்கொண்டால் நெல்லிக்குப்பம். மேளத்தை நெருப்பில் காட்டிச் சூடேற்றினார்கள், எங்கள் ஊர்ப் பறைக்குச் செய்வதுபோலவே. பாரதப் போர் நடந்த நாள் கணக்கில் பதினெட்டு நாள் விரதம் என்றார் அண்ணன். மஞ்சள் உடுத்தி வந்தவர்களில் கருப்பர்கள் இருந்தார்கள், வெள்ளைக்காரர் ஒருவர்கூட இருந்தார். பூசாரி சொன்ன மந்திரத்தில் அங்கங்கே தமிழ் தெரிந்தது, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசுபோல. குழிக்கு அப்பால் பால்குழி.

பாட்டியின் பேரனுக்கு இருபது வயதிருக்கும். தலையில் பூக்கரகம். அவன் இறங்கியபோது அம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதியும்படி. அவன் ஏழெட்டு எட்டில் கடந்து பாலில் கால் வைத்ததும் பாட்டி அழுதுகொண்டே ஓடினாள். அம்மாவும் ஓடினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், யாரென்றே தெரியாத அந்தப் பையனின் முன்னால் உட்கார்ந்து, அவன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்று, பிறகு இன்னொன்று. அவன் பயந்துபோய்ப் பாட்டியைப் பார்த்தான். பாட்டி எதுவும் கேட்காமல் அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

வண்டிக்குத் திரும்பியபிறகு யாரும் பேசவில்லை.

*

கடைசி நாள் எரிமலைக்கு ஏறினோம். பூர் முராவிலிருந்து பிரியும் பாதை முதலில் மாட்டுப் பண்ணைகள் வழியே போகிறது. வழியில் கொமெர்சோன் என்ற பழைய எரிமலைப் பள்ளம். 2007 பிப்ரவரியில் ஒரு புயலின்போது மூன்று நாளில் இங்கே 3,900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ததாம், உலக சாதனை. எங்கள் மாவட்டத்தில் இரண்டு வருடத்தில் பெய்கிற மழையைவிட அதிகம். தானேயைப் பார்த்தவர்கள் நாங்கள், ஆனாலும் அந்தக் கணக்கு மனசில் உட்கார மறுத்தது.

ஒரு வளைவு திரும்பியதும் கீழே ப்லேன் தெ சாப்ல். மணல் சமவெளி. மரம் இல்லை, பறவை இல்லை. செங்கருப்புக் கப்பிக்கல் அடிவானம்வரைக்கும். நடுவே கோடு கிழித்தாற்போல ஒரு மண்பாதை. அண்ணன் ஏதோ வேற்றுக் கிரகம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"நெய்வேலி" என்றாள் அம்மா. சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடுகளைத் தினம் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு கிரகம் தேவைப்படவில்லை.

பாதை முடியும் இடம் பா தெ பெல்கோம்ப், 2,311 மீட்டர். விளிம்பில் நின்றால் கீழே பெரிய கருப்புத் தட்டு, அதில் குழந்தை செய்த பணியாரம்போல ஒரு சின்னக் கூம்பு, அதற்கப்பால் மேகம் மூடிய உச்சி. நெருப்பு எங்கேயும் இல்லை. காற்று கதவைப் பிடுங்கியது. "சித்தி, கதவ விடாதீங்க!" என்று அண்ணன் கத்தினார். அவர் படிக்கட்டில் இறங்கி நடந்துவரப் போனார். நாங்கள் உள்ளே அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டுக்கொண்டோம். வண்டி தொட்டில்போல ஆடியது.

"நான்தாண்டி போவச் சொன்னேன்" என்றாள் அம்மா.

எனக்குப் புரியவில்லை.

"மூணாவது வருசம். உங்கப்பா வேணாம்னுதான் சொன்னாரு. காலு மரத்துப்போவுது, தீச்சட்டி எடுத்துட்றேன், இல்லனா வெள்ளில பாதம் செஞ்சி உண்டியல்ல போட்டுட்றேன்னாரு. நான்தான் கேக்கல. ஏற்கெனவே ரெண்டு வருசம் தள்ளிப்போச்சி. கொற வெச்சா உனுக்கு எதுனா ஆயிடுமோன்னு பயம். எறங்குங்கன்னு சண்ட போட்டேன். நீ வந்து அவர திட்டனப்ப கூட அவரு சொல்லல பாரு. என்னப் பாத்து ஒரு கண்ணு காட்டுனாரு, பேசாதன்னு."

அந்தச் சிரிப்பு மாதிரியான ஒன்று யாருக்கானது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றரை வருடமாக அது எனக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லவேண்டியது என்னிடமும் இருந்தது. 2022 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கடைத்தெருவில் அப்பா முன்னால் நடந்து போனார். ஒரு செருப்பு காலிலிருந்து கழன்று ரோட்டிலேயே நின்றுவிட்டது. அவர் தெரியாமல் பத்தடி போய்விட்டார். நான் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். டாக்டரிடம் போகவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவள் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உன்மேல தப்பில்லை" என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருவருமே நம்பியிருக்க மாட்டோம். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புள்ளைக்குக் கால்ல ஒண்ணுமே இல்ல. பூ மாதிரி இருந்துச்சி" என்றாள்.

அண்ணன் வந்து வண்டியை எடுத்தார். மணல் சமவெளியின் நடுவே அம்மா நிறுத்தச் சொன்னாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கருப்புக் கல், கிராந்த் ப்ரூலேயில் எடுத்தது. இது தேசியப் பூங்கா, கல் எடுக்கக்கூடாது என்று பலகையில் படித்துக்காட்டியிருந்தேன். எனக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறாள். அப்பா படத்துக்கு முன்னால் வைக்கலாம் என்று நினைத்தாளாம்.

செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். கப்பிக்கல்லில் பத்துப் பதினைந்து எட்டு, மெதுவாக, வெறுங்காலில். கல்லைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"குத்துதாம்மா?"

"குத்துது. சில்லுனு வேற இருக்குது" என்றாள். பாதத்தைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

மண்பாதையில் வண்டி குலுங்க ஆரம்பித்தது. அலமாரியில் தட்டும் டம்ளரும் கலகலத்தன. அம்மா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னாள்:

"தம்பி, ரெண்டாவது கியர்லயே போ. இவ அப்பா இருந்தா அதத்தான் சொல்லுவாரு."